சாதக ஓலையும் பிறப்பேடும்

திருநள்ளாற்றில் கூட்டம் கூடுகிறது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை, சனிப்பெயர்ச்சி என்ற பெயரால், நாலா திசையிலிருந்தும் மக்கள் திரண்டு வருகிறார்கள். நளன் குளத்தில் மூழ்குகிறார்கள். உடுத்திய துணியைக் களைந்து எறிந்தால் பிடித்த பீடையும் தொலையும் என நம்பி, எறிந்துவிட்டுக் கரையேறுகிறார்கள். சனி என்னும் கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. வான வட்டத்தைப் பன்னிரண்டு கூறாக்கினால் ஒரு கூற்றைக் கடக்க இரண்டரை ஆண்டு ஆகும். பள்ளிப் பிள்ளை போடக்கூடிய வகுத்தல் கணக்கு இது. இந்த வகுத்தல் கணக்கு எப்படி ஒருவன் கடனுக்கும், ஒருத்தியின் மணத்தடைக்கும், ஒரு குழந்தையின் சாவுக்கும் காரணமாயிற்று? கேட்டால், "பிறந்த நேரம் அப்படி" என்பார்கள். ஆதாரம் என்ன என்றால் சாதக ஓலையை எடுத்து நீட்டுவார்கள்.

அதே காரைக்கால் மண்ணில் மற்றோர் ஏடும் இருக்கிறது. காரைக்கால் நகராட்சியிலும், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் அது எழுதப்படுகிறது. பிறப்பு–இறப்புப் பதிவேடு என்பது அதன் பெயர். அதற்குத் தேரில்லை, திருவிழாவில்லை, மாலையில்லை, மத்தளமில்லை. ஆயினும், தோழர்களே, மனிதனின் வாழ்வை மாற்றிய ஏடு எது என்று கேட்டால் இந்த ஏட்டைத்தான் நாம் காட்டுவோம். சாதக ஓலை பிறந்த நொடியைக் கோளுக்குச் சொல்கிறது. பிறப்பேடோ பிறந்த உயிரை நாட்டுக்குச் சொல்கிறது. ஓலை அவனது விதியை உரைக்கிறது. ஏடு அவனது உரிமையை உறுதி செய்கிறது. இவ்விரண்டில் இரண்டாவது எவ்வாறு வந்தது, அதிலிருந்து பிறக்கும் கணக்கின் பொருள் என்ன, பயன் என்ன என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

ஐரோப்பாவிலும் இந்த ஏடு முதலில் பாதிரியார் கையில்தான் இருந்தது. 1539-இல் பிரெஞ்சு மன்னன் பிறப்பித்த ஆணை, ஞானமுழுக்குப் பெறும் குழந்தைகளின் பெயர்களை ஊர்க்கோயில் குருமார் எழுதிவைக்க வேண்டும் என்றது.  குழந்தை மதத்தில் சேர்ந்ததையே எழுதினார்கள். மதத்தில் சேராதவன்? அவன் பிறக்கவே இல்லை என்று பொருள்! கத்தோலிக்கர் அல்லாத சீர்திருத்தக் கிறித்தவர் பல தலைமுறைகளாகப் பிரான்சில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத மக்களாக வாழ்ந்தனர். அவர்கள் திருமணம் திருமணமாகாது. அவர்கள் மக்கள் சட்டப்படியான மக்கள் ஆகார். 1787-இல்தான் அவர்களுக்கு அந்தக் குடிமை நிலை கிடைத்தது. ஐந்தாண்டு கழித்து, புரட்சியின் நெருப்பு எரிந்துகொண்டிருந்தபோது, 1792 செப்டம்பர் 20-ஆம் நாள் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றின் ஏடும் குருமார் கையிலிருந்து ஊராட்சியின் கைக்கு மாறிற்று. மன்னன் முடி வீழ்ந்ததைப் பேசும் வரலாற்றாசிரியர்கள், பாதிரியின் பேனா பறிக்கப்பட்டதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். நமக்கோ இரண்டும் ஒன்றுக்கொன்று குறையாத புரட்சிகள்.

1804-இல் வந்த பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் இந்த ஏட்டுக்கு இலக்கணம் வகுத்தது. பிள்ளை பிறந்த மூன்று நாளுக்குள் தந்தையோ, அவரில்லாவிடில் மருத்துவரோ மருத்துவச்சியோ வந்து அறிவிக்க வேண்டும். சாட்சிகள் வேண்டும். ஏடு இரண்டு படியாக எழுதப்பட வேண்டும். ஆண்டு முடிவில் அதிகாரி அதனை முடித்துக் கையொப்பமிட்டு, ஒன்றை ஊராட்சியிலும் ஒன்றை நீதிமன்றப் பதிவகத்திலும் வைக்க வேண்டும். குடியேற்ற நாடுகளுக்கு மூன்றாவது படியும் உண்டு. அது 1776-இல் வெர்சேல்சு நகரில் நிறுவப்பட்ட ஆவணக் களஞ்சியத்துக்குக் கப்பலேறும். அவ்வாறு போன பழைய ஏடுகளை இன்றும் பிரான்சின் எக்சு நகரிலுள்ள அயல்நில ஆவணக் காப்பகத்தில் காணலாம். காரைக்காலின் ஏடுகளும் அங்கே உள்ளன. இங்கே ஓர் உண்மையை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சாதகம் ஒரே படி; அது வீட்டுப் பெட்டியில் இருக்கும்; வேண்டியபோது வேண்டியவாறு திருத்தலாம். மூன்று ஊர்களில் மூன்று படியாக இருக்கும் ஏட்டைத் திருத்த எந்தப் புரோகிதராலும் இயலாது.

இனி, காரைக்காலுக்கு வருவோம். 1739-இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து பிரெஞ்சு வணிகக் குழுவினர் பெற்ற ஊர் இது. ஆங்கிலேயர் பலமுறை பறித்தனர். பலமுறை திருப்பித் தந்தனர். 1817-இல் இறுதியாகப் பிரெஞ்சுக் கொடி மீண்டும் ஏறிற்று. புரட்சியின் சட்டம் பெற்ற நாடு ஆளும் ஊராயிற்றே, சமத்துவமும் கப்பலில் வந்திருக்குமே என்று நினைக்கலாம். வரவில்லை. 1819 சனவரி 6-ஆம் நாளிட்ட ஆணை, குடிமைச் சட்டத்தை இங்கே அறிவித்த அதே மூச்சில், இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படியே நடத்தப்படுவர் என்று கூறிவிட்டது. பாரிசில் மனிதன், காரைக்காலில் சாதிக்காரன்! கடல் கடந்தபோது பொருளின் விலை ஏறிற்று. மனிதனின் மதிப்பு இறங்கிற்று.

அறுபது ஆண்டு கழிந்தது. 1880 மார்ச் 12-ஆம் நாளிட்ட ஆணை பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்களை அமைத்தது. காரைக்கால் பகுதியில் காரைக்கால், பெரிய ஊர் எனப் பொருள்படும் கிராந்தால்தே, நெடுங்காடு என மூன்று. அடுத்த மாதமே, ஏப்ரல் 24-ஆம் நாளிட்ட ஆணை, பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு பற்றிய குடிமைச் சட்ட விதிகளை இந்நாட்டவருக்கும் விரித்தது. மேயரின் அலுவலகத்தில், ஒரே மாதிரிச் சொற்களில், ஒரே மாதிரி வரிசையில், மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் குடிசைப் பிள்ளையும் எழுதப்பட வேண்டிய காலம் வந்தது. காவிரியின் கடைமடையில், நெல் விளைத்தவனுக்கு நெல்லில் உரிமையில்லாத அந்த மண்ணில், அவன் பிள்ளைக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு நாள், ஒரு சான்று! சிறிய செய்தியா இது?

மறு ஆண்டு, 1881 செப்டம்பர் 21-இல், மற்றோர் ஆணை வந்தது. தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறக்க விரும்பும் இந்தியர் எவரும், பதிவு அதிகாரி முன் அறிவித்து, ஒரு குடும்பப் பெயரை ஏற்று, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு உட்படலாம். அப்படித் துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்களுக்கு முன்னின்றவர் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் காலணியுடன் நீதிமன்றம் புகுந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசின் மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று வென்றவர் அவர். 'பிள்ளை'யை உதறிவிட்டு 'லாபோர்த்' என்ற பெயரை ஏட்டில் எழுதுவித்தார். பிரெஞ்சில் அதற்கு 'வாயில்' என்று பொருள். சாதிக்கு வெளியே செல்ல ஒரு வாயில் உண்டு, அது பதிவேட்டின் ஒரு வரி என்று அவர் காட்டினார். சாதி இந்துக்களின் தலைவராக விளங்கிய நாடு சண்முக முதலியாரின் அணி இதனைக் கடுமையாக எதிர்த்தது. எதிர்க்காமல் என்ன செய்யும்? பெயரின் வாலில் தொங்கிய சாதியை ஒரு பேனாக் கீற்றால் அறுக்கலாம் என்றால், வாலைப் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு வயிறு எரியாதா?

துறந்தவர்கள் எல்லாரும் உயர்ந்துவிடவில்லை. பெயர் மாறியதால் நிலம் கிடைத்துவிடவில்லை. ஏடு மட்டும் எல்லாம் செய்யும் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஏடு இல்லாமல் எதுவும் செய்ய இயலாது என்பதைக் கடல் கடந்த தமிழரின் கதை காட்டும்.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியோன், மர்த்தினிக், குவாதலூப்பு ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 'ஓரெலி' என்ற கப்பல் 1853-இல் மர்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24-இல் குவாதலூப்பிலும் முதல் இந்தியரை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் சென்றனர். அத்தீவில் 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதாம்பரோம். 'சிதம்பரம்' பிரெஞ்சுக்காரன் செவியில் அவ்வாறு விழுந்தது. தீவில் பிறந்த இந்தியர் மக்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அவர்கள் பிரெஞ்சுக் குடிகள் அல்லர் என்றது அரசு. இந்த மண்ணில் பிறந்தோம், இந்த ஏட்டில் எழுதப்பட்டோம், இந்த வரியைக் கட்டினோம் என்பதே அவர் வாதத்தின் அடித்தளம். பத்தொன்பது ஆண்டு போராடி 1923-இல் வென்றார். இன்று அத்தீவுகளிலிருந்து தம் வேரைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்குச் சாதகம் உதவவில்லை. கப்பல் பட்டியலும் பதிவேடுமே உதவுகின்றன.

காரைக்காலின் சொந்த வரலாற்றிலும் ஒரு நாள் வந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகத்து 16-இல் சட்டப்படி நடப்புக்கு வந்தது. அதன்படி, இப்பகுதிகளில் பிறந்து அந்நாளில் இங்கே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகள் ஆயினர். விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஒரு மனிதன் எந்த நாட்டவன் என்பதையே முடிவு செய்த கேள்வி, 'நீ எங்கே பிறந்தாய்?' என்பது. விடை எந்த நட்சத்திரத்திலும் இல்லை; ஏட்டில் இருந்தது.

இதுவரை ஒருவர் வரியைப் பார்த்தோம். இனி, வரிகளைக் கூட்டினால் என்ன தெரியும் என்பதைப் பார்ப்போம். ஏட்டின் உண்மையான ஆற்றல் அங்கேதான் இருக்கிறது.

1662-இல் இலண்டனில் யான் கிராண்டு என்ற துணிமணி வணிகர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிளேக்கு நோயின் அச்சத்தால் அந்நகரில் வாரந்தோறும் சாவுக் கணக்கை அச்சிட்டு விற்பது வழக்கம். மக்கள் அதை வாங்கி, யார் செத்தார் என்று பேசிவிட்டு எறிவார்கள். கிராண்டு எறியவில்லை. பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்து வைத்து எண்ணினார். பிறக்கும் நூறு குழந்தைகளில் 36 குழந்தைகள் ஆறு வயதுக்குள் இறக்கின்றன என்று மதிப்பிட்டார். ஆண்டுதோறும் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சற்றே அதிகமாகப் பிறப்பதையும் கண்டார். ஒவ்வொரு சாவும் இறைவன் திருவுள்ளம் என்று நம்பிய காலத்தில், சாவுகள் கூட்டமாக நிற்கும்போது ஓர் ஒழுங்குக்கு உட்படுகின்றன என்று ஒரு கடைக்காரர் காட்டிவிட்டார். ஒழுங்கு இருந்தால் காரணம் இருக்கும். காரணம் இருந்தால் மாற்று இருக்கும். தலையெழுத்து என்ற கோட்டையில் விழுந்த முதல் வெடிப்பு அது.

அம்மை நோயை எண்ணிப் பாருங்கள். மாரியின் சினம் என்றோம், வேப்பிலை கட்டினோம், மருந்து கொடுத்தால் ஆத்தாள் கோபிப்பாள் என்று அஞ்சினோம். 1796-இல் சென்னர் கண்ட தடுப்பு முறை பரவியது. எந்த ஊரில் எத்தனை பேர் அம்மையால் இறந்தனர் என்ற கணக்கே, தடுப்பூசி எங்கே தேவை என்று வழிகாட்டியது. 1975-இல் இந்தியா அந்நோயின் பிடியிலிருந்து விடுபட்டது. 1980 மே 8-இல் உலகமே விடுபட்டதாக உலக நலவாழ்வுப் பேரவை அறிவித்தது. ஆத்தாளின் சினம் ஊசிமுனையில் தணிந்த வரலாற்றை இறப்பேடுகள் சொல்லுகின்றன.

இக்கணக்குகளின் பொருளை ஒவ்வொரு தோழரும் அறிந்திருக்க வேண்டும். ஓராண்டில் பிறந்தோர் தொகையை மக்கள் தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் பிறப்பு வீதம். இறந்தோரை அவ்வாறு செய்தால் இறப்பு வீதம். உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை எத்தனை என்பது குழந்தை இறப்பு வீதம். இந்த மூன்றாவது எண்ணை ஒரு சமுதாயத்தின் நாடி என்றே கூறலாம். தாய்க்குச் சோறு கிடைத்ததா, ஊருக்கு நல்ல தண்ணீர் உண்டா, மருத்துவச்சி வந்தாளா, பெண்ணுக்குப் பதினைந்து வயதில் தாலி கட்டினார்களா என்ற அத்தனை கேள்விகளின் விடையும் அந்த ஒற்றை எண்ணில் அடங்கும். 1971-இல் இந்தியாவில் அது 129, தமிழ்நாட்டில் 113. 2020-இல் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. ஐம்பதாண்டில், ஆயிரத்துக்கு நூறு தமிழ்க் குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். சனி தன் வழியை மாற்றிக்கொண்டதாலா? அல்ல. துணைச் செவிலியரும், தடுப்பூசியும், பெண் கல்வியும், சத்துணவும் வந்ததால்.

எண்ணைப் படிக்கும்போது எச்சரிக்கையும் வேண்டும். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. காரைக்காலோ நாற்புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த சிறு பகுதி. நாகூரிலிருந்து வந்து காரைக்கால் மருத்துவமனையில் பிள்ளை பெறும் தாயின் குழந்தை காரைக்கால் ஏட்டில் ஏறும். அதை அப்படியே எடுத்து, காரைக்கால் மக்கள் பிள்ளைகளை அதிகம் பெறுகிறார்கள் என்று சொல்பவன் ஏட்டைப் படிக்கவில்லை, ஏட்டை ஏமாற்றுகிறான். 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்ட மக்கள் தொகை 2,00,222. ஆயிரம் ஆண்களுக்கு 1,047 பெண்கள். உடனே, இங்கே பெண்ணடிமை ஒழிந்துவிட்டது என்று முரசு கொட்டலாமா? பிழைப்புக்காக ஆண்கள் வெளிநாடு சென்றிருந்தாலும், முதிய பெண்கள் கூடுதல் ஆண்டு வாழ்ந்தாலும் அந்த எண் உயரும். எண் பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும்.

சரியான கேள்வியை கேட்டால் எண் எப்படிப் பேசும் என்பதற்கு நம் இயக்கத்தின் பிறப்பே சான்று. 1912-இல் சென்னை மாகாணத்தில் 128 மாவட்ட முன்சீப்புகள் இருந்தனர். அவர்களில் 93 பேர் பார்ப்பனர். மக்கள் கணக்கெடுப்போ அவர்கள் நூற்றுக்கு மூவர் என்றது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்ததுதான் 1916-இல் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கையின் வலிமை. மேலே உள்ள எண் மட்டும் இருந்தால் அது திறமை என்பார்கள். கீழே வகுக்கும் எண் வந்ததும் அது அநீதி என்று தெரிந்துவிட்டது. தலை எண்ணும் கணக்கு நம் கைக்கு வந்த முதற்படை.

பெண்ணுரிமைக்கும் அதுவே படை. 1929-இல் பிரிட்டிசு இந்தியாவில் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று மணவயது வகுத்தது. சட்டம் வந்தது, வயதுக்குச் சான்று எங்கே? பத்து வயதுப் பெண்ணின் சாதகத்தைப் பதினான்கு வயதுச் சாதகமாக்கப் புரோகிதருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பிறப்பேடு இல்லாத ஊரில் சீர்திருத்தச் சட்டம் பல்லில்லாத பாம்பு. பெண் தன் உடலுக்குத் தானே உரியவள் என்று கூறிப் பெரியார் 'கர்ப்ப ஆட்சி'யை வலியுறுத்தியதும், 1909-இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியப் பணி தொடங்கிய பாரதிதாசன் பின்னாளில் கருத்தடையைக் கவிதையாக்கியதும், பிறப்பு என்பது விதியன்று, முடிவு என்ற ஒரே கருத்தின் இரு முழக்கங்கள்.

பிறந்து மறைந்த பெண்களையும் எண்தான் காட்டிக்கொடுத்தது. 1991 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 948 பெண் குழந்தைகள் இருந்தனர். சேலம் மாவட்டத்திலோ 849. மறைந்தவர்களுக்குப் பெயரில்லை, இறப்பேட்டில் வரியில்லை, கேட்டால் பிள்ளை பிறக்கவே இல்லை என்பார்கள். ஆனால் எண் நின்று சாட்சி சொல்லிற்று. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. பிறப்பேட்டில் பெண்ணின் பெயர் உடனே ஏறிவிட்டால், கள்ளிப்பாலுக்கு முன் சட்டம் வந்து நின்றுவிடும்.

இறப்பேடு வாழ்பவருக்கு எத்துணை வேண்டியது என்பதைக் காரைக்கால் மீனவக் குப்பங்கள் 2004 டிசம்பர் 26-க்குப் பின் கற்றன. கடல் கொண்டுபோன பலரின் உடல் திரும்பவில்லை. அந்நாளில் நடப்பிலிருந்த சான்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, காணாமற்போனவர் இறந்தவராகக் கருதப்பட ஏழாண்டு ஆக வேண்டும். ஏழாண்டு வரை மனைவி கைம்பெண்ணும் அல்லள், மனைவியும் அல்லள். பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. வங்கிக் கணக்கு திறவாது. அப்பேரிடருக்கெனத் தனி நடைமுறை வகுத்து, விசாரித்துச் சான்று வழங்க அரசு வழிசெய்ய வேண்டியதாயிற்று. ஒரு துண்டுத் தாள் வரவில்லையானால் செத்தவனுடைய குடும்பமும் சேர்ந்து சாகும். கருமாதி செய்வித்த புரோகிதரின் சொல்லை எந்த வங்கியும் ஏற்காது!

நாடு முழுவதும் இன்று இந்த ஏட்டின் நிலை என்ன? 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகள் ஏறத்தாழ 81 லட்சம். 2021-இல் ஒரு கோடியே 2 லட்சம். ஓராண்டில் 21 லட்சம் மிகுதி. அந்த ஆண்டில் கொரோனாவால் இறந்ததாக அரசு கூறிய தொகையோ மூன்றேகால் லட்சத்தைச் சுற்றியது. பதிவு முன்னைவிட முறையாக நடந்ததும் அம்மிகுதியில் ஒரு பங்காக இருக்கலாம். எனினும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு விடை சொல்லும் கடமை ஆள்வோருக்கு உண்டு. விடையை எளிதில் காண இயலாததற்குக் காரணமும் ஏட்டிலேயே உள்ளது. 2020-இல் பதிவான நூறு சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22 அல்லது 23 மட்டுமே. மற்றவர்கள் எதனால் செத்தார்கள்? 'வயதாகிவிட்டது', 'காய்ச்சல்', 'நெஞ்சடைப்பு' என்று வாய்க்கு வந்தது. காரணம் எழுதப்படாத இடத்தில் விதி மீண்டும் வந்து குந்திக்கொள்கிறது.

அதைவிட நம் நெஞ்சைச் சுடுவது ஒன்றுண்டு. அதே 2020-இல் பதிவான சாவுகளில் நூற்றுக்கு அறுபது ஆண்கள்; நாற்பது பெண்கள். பெண்கள் சாகாவரம் பெற்றவர்களா? ஆண் இறந்தால் நிலம் மாற்ற, ஓய்வூதியம் பெற, கடன் தீர்க்கச் சான்று தேவைப்படுகிறது, ஓடிப்போய் எழுதுவிக்கிறார்கள். அவள் பெயரில் நிலமில்லை, கணக்கில்லை. எழுதி என்ன பயன் என்று விட்டுவிடுகிறார்கள். சொத்தில்லாத வாழ்வு, பதிவில்லாத சாவு! மனு எழுதிய ஏட்டில் பெண்ணுக்கு இடமில்லை என்றால் வியப்பில்லை. மக்களாட்சியின் ஏட்டிலும் இடமில்லை என்றால் அது நம் வெட்கம்.

வகுக்கும் எண்ணும் பழுதாகிக் கிடக்கிறது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல், உலகப் போர் நடந்த 1941-இல் கூட நடந்த கணக்கெடுப்பு, 2021-இல் நடைபெறவில்லை. 2027 மார்ச் 1-ஆம் நாளைக் குறித்து, சாதிக் கணக்குடன் நடக்கும் என 2025-இல் அறிவிப்பு வந்தது. 2011-இன் தொகையை வைத்துக்கொண்டு அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியும் பாலும் பங்கிடுவது, அண்ணனின் அளவெடுத்துத் தம்பிக்குச் சட்டை தைப்பதாகும்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். உங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால், 21 நாளுக்குள் பதிவாயிற்றா என்று கேளுங்கள். பெண் பிள்ளையாயின் இருமுறை கேளுங்கள். பெயரில்லாமல் பதிந்திருந்தால் பெயரை எழுதுவிக்கச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றே ஆதாரம் என்று திருத்தச் சட்டம் ஆக்கிவிட்டது. படித்தவன் பிள்ளைக்கு அது எளிது. செங்கற்சூளையில் பிறக்கும் பிள்ளைக்கும், அறுவடைக்கு ஊர் மாறும் குடும்பத்தின் பிள்ளைக்கும் அதுவே சுவராகிவிடக் கூடாது. ஓராண்டு தவறிவிட்டால் ஆட்சியர், கோட்டாட்சியர் என்று அலைய வேண்டும், கூலி இழந்து அலைய அவர்களால் இயலாது, உடன் செல்லுங்கள். சாவு நிகழ்ந்தால், பந்தற்கால் நடும் வீட்டில், காரணம் எழுதிய மருத்துவச் சான்று வாங்கினீர்களா என்று மெல்லக் கேளுங்கள். பாட்டியின் சாவையும் எழுதுவியுங்கள்.

பிறந்த நேரத்தைக் கேட்டு எதிர்காலம் சொல்பவர்கள் திருநள்ளாற்றில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். பிறந்த உயிர் எதிர்காலம் காண வேண்டுமென்றால், முதலில் அது பிறந்தது என்று ஒருவன் எழுத வேண்டும். எழுதப்படாதவனை எவரும் எண்ணார். எண்ணப்படாதவனுக்கு எவரும் பங்கு வையார்.